நெரிசலில் திணறும் மாநில நெடுஞ்சாலையை மேம்படுத்துவது எப்படி? எண்ணிக்கை எடுப்பதிலிருந்து பராமரிப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஊர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் நெரிசல் தாங்க முடியவில்லை என்றால் நம் ஊர்களில் எழும் கோரிக்கை ஒன்றுதான்: "நாலு வழிச்சாலை வேணும்." வணிகர் சங்கம், ஊராட்சி, கட்சிக்காரர்கள் எல்லோரும் அதையே மனுவில் எழுதுகிறார்கள். கேட்பதில் தவறே இல்லை. ஆனால் திட்டம் வந்து, நிலம் எடுத்து, வழக்கு முடிந்து, சாலை திறக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். அந்தக் காலம் முழுக்க மக்கள் அதே நெரிசலில்தான் நிற்கிறார்கள். ஒரு சில மாதங்களில் முடிந்திருக்கக்கூடிய சின்ன வேலைகளை யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் செய்வதும் இல்லை.

ஊராட்சித் தலைவர்கள், கவுன்சிலர்கள், குடியிருப்போர் சங்கத்தினர், துறையில் புதிதாகச் சேர்ந்த இளம் பொறியாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு மாநில நெடுஞ்சாலைதான் உதாரணம். என் வாதம் இது: அகலப்படுத்துவதற்கு முன் சந்திப்புகளைச் சரிசெய்ய வேண்டும். அகலப்படுத்தத்தான் வேண்டும் என்று தெரிந்துவிட்டால், நிலத்தை முதலில் கையில் எடுக்க வேண்டும். இந்த வரிசை மாறும்போதுதான் காலமும் பணமும் வீணாகின்றன.

படி 1: சாலை யாருடையது?

தவறான அலுவலகத்துக்குப் போன மனு பெரும்பாலும் மேசையிலேயே தங்கிவிடும். சாலையோரக் கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, நீலமோ கறுப்போ என்றால் மாவட்டச் சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. மாநில நெடுஞ்சாலைகளும் மாவட்ட முக்கிய சாலைகளும் மாவட்ட இதர சாலைகளும் 1946இல் தனித்துறையாக உருவான தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கின்றன. உங்கள் பகுதிக்கு உதவிப் பொறியாளர், அவருக்கு மேல் உதவிக் கோட்டப் பொறியாளர், அதற்கு மேல் கோட்டப் பொறியாளர். மனுவைக் கோட்டப் பொறியாளருக்கு எழுதி, நகலை மற்ற இருவருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கொடுங்கள்.

படி 2: எண்ணுங்கள்

"வண்டி ஜாஸ்தியாயிடுச்சு" என்பதை யாரும் கோப்பில் ஏற்றமாட்டார்கள். எண் வேண்டும். நாட்டின் சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) முறைப்படி, ஒரு சாலையில் ஏழு நாள் இரவு பகலாக வாகனங்களை எண்ண வேண்டும். அதையும் ஆண்டுக்கு இரண்டு முறை செய்ய வேண்டும்: அறுவடைக் காலத்தில் ஒன்று, போக்குவரத்து மந்தமான காலத்தில் ஒன்று. கரும்பு வெட்டும் பருவத்தில் ஆலைக்குப் போகும் டிராக்டர்களைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. சந்தை நாளும் முகூர்த்த நாளும் அந்த ஏழு நாளுக்குள் எப்படி விழுகின்றன என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

எல்லா வண்டியும் சாலையில் ஒரே அளவு இடத்தைப் பிடிப்பதில்லை. அதனால் எல்லாவற்றையும் கார் அளவுக்கு மாற்றிக் கூட்டுவார்கள். இதைத்தான் பொறியாளர்கள் பி.சி.யு. என்கிறார்கள். ஐ.ஆர்.சி. 64 என்ற கையேடு தரும் மதிப்புகள் இவை: இருசக்கர வாகனம் 0.5, காரும் ஆட்டோவும் 1, சிறிய சரக்கு வண்டி 1.5, பேருந்தும் லாரியும் 3, டிரெய்லர் லாரியும் டிரெய்லர் பூட்டிய டிராக்டரும் 4.5, மாட்டு வண்டி 8.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளில் இரு திசையிலும் சேர்த்து 9,000 இருசக்கர வாகனங்கள், 4,000 கார்கள், 800 ஆட்டோக்கள், 1,000 சிறிய சரக்கு வண்டிகள், 500 பேருந்துகள், 900 லாரிகள், 100 டிரெய்லர் லாரிகள், 100 டிராக்டர்கள் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். பெருக்கிக் கூட்டினால் 15,900 பி.சி.யு. வரும்.

இதை எதோடு ஒப்பிடுவது? அதே கையேட்டின்படி, வளைவு குறைந்த சமதளத்தில் 7 மீட்டர் அகல இருவழிச் சாலை நாளொன்றுக்கு 15,000 பி.சி.யு. வரை வசதியாகத் தாங்கும். வளைவு அதிகம் என்றால் 12,500. அகலம் 5.5 மீட்டர்தான் என்றால் 6,000. ஒருவழித் தார்ச்சாலை என்றால் 2,000. நான்கு வழி என்றால் 35,000. நம் மாதிரிச் சாலை எல்லையைத் தாண்டிவிட்டது என்று இப்போது எழுத்தில் சொல்ல முடியும்.

இன்னொன்றும் அதே கையேட்டில் இருக்கிறது. இருவழிச் சாலையின் இரு ஓரத்திலும் குறைந்தது 1.5 மீட்டருக்குத் தார் போட்டு உறுதியான தோள்பட்டை அமைத்தால் கொள்ளளவு 15 சதவீதம் கூடும். 15,000 என்பது 17,250 ஆகிவிடும். நம் 15,900 அதற்குள் அடங்கிவிடுகிறது. பெரும்பாலும் துறைக்குச் சொந்தமான இடத்திலேயே முடிகிற வேலை இது. நான்கு வழிச்சாலை வரும்வரை கொஞ்ச காலம் மூச்சுவிட இது உதவும். அதைவிட முக்கியம், மண் ஓரத்தில் சறுக்கி விழும் பைக்காரர்களுக்கு அது பாதுகாப்பான தடம்.

முழுக் கணக்கெடுப்பு துறையின் வேலை. ஆனால் ஒரு மணி நேரக் கணக்கை நீங்களே எடுக்கலாம். காலையோ மாலையோ உச்ச நேரத்தில் நாலு பேர் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வகைக்கு ஒருவராகக் கோடு போட்டால் போதும். உச்ச மணி நேரம் என்பது ஒரு நாள் போக்குவரத்தில் சுமார் 8 முதல் 10 சதவீதம். ஆகவே வந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் நாள் கணக்கு தோராயமாகக் கிடைக்கும். கல்லூரி மாணவர்களைச் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. இப்படி எண்ணோடு வரும் மனுவை அதிகாரி படிக்காமல் ஒதுக்குவது கஷ்டம்.

வளர்ச்சியையும் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 5 சதவீதம் கூடினால் 15,900 என்பது 10 ஆண்டில் ஏறக்குறைய 25,900 ஆகும். 16 ஆண்டில் 34,700 ஆகி நான்கு வழிச்சாலையின் எல்லையையே தொட்டுவிடும். பக்கத்தில் சிப்காட் வருகிறது, கல்லூரி வருகிறது, மனைப்பிரிவுகள் விற்கின்றன என்றால் 5 சதவீதம் போதாது.

படி 3: எந்த இடத்தில் அடைக்கிறது?

30 கிலோமீட்டர் சாலை முழுவதும் நெரிசல் என்று பேசுவோம். நிஜத்தில் 30 கிலோமீட்டரும் நின்று நின்று போவதில்லை. பேருந்து நிலையம் முன்னால், பஜார் நாற்சந்தி, ரயில்வே கேட், குறுகலான பழைய பாலம், கல்யாண மண்டபம் இப்படி நாலைந்து இடத்தில்தான் கட்டிக்கொள்ளும். இடையில் வண்டிகள் பறக்கும்.

இதைக் கண்டுபிடிக்கச் சாதாரணக் கைபேசி போதும். காலை, மதியம், மாலை என வெவ்வேறு வேளைகளில், வெவ்வேறு நாட்களில் பாதை பதிவாகும் செயலியைப் போட்டுக்கொண்டு சாலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வண்டியோட்டுங்கள். எங்கே வேகம் விழுகிறது, எத்தனை நிமிடம் நின்றீர்கள், நிற்கக் காரணம் என்ன என்று குறியுங்கள். துறையும் இதே ஆய்வைச் செய்யும். ஆனால் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்துக்குக் காரணம் மருந்துக்கடை வாசலில் சரக்கு இறக்கும் வேன் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

இதோடு விபத்துப் பட்டியலும் வேண்டும். சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டில் உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த விபத்துகள் ஐந்து நடந்திருந்தால், அல்லது பத்துப் பேர் இறந்திருந்தால், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வரையறைப்படி அது கரும்புள்ளி. காவல் நிலையத்தில் விவரம் இருக்கும். கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நெரிசல் வரைபடத்தையும் விபத்து வரைபடத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். இரண்டிலும் வரும் இடம்தான் முதல் வேலை.

படி 4: சந்திப்புகளைச் சரிசெய்யுங்கள்

இந்த வழிகாட்டியிலேயே இதுதான் முக்கியமான படி. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சிக்னல் உள்ள சந்திப்பில் பச்சை விளக்கு எரியும்போது எவ்வளவு வண்டி கடக்க முடியும் என்பதற்கு ஐ.ஆர்.சி. கணக்கு ஒன்று இருக்கிறது. சந்திப்பை நோக்கி வரும் பக்கம் 3.5 மீட்டர் அகலம் என்றால், முழு மணி நேரமும் பச்சை எரிந்தால் கடக்கக்கூடியது 1,890 பி.சி.யு. அந்தப் பக்கம் 7 மீட்டர் என்றால் 3,675. ஏறக்குறைய இரண்டு மடங்கு. இப்போது யோசியுங்கள்: இருவழிச் சாலையை 30 கிலோமீட்டருக்கு அகலப்படுத்தாமல், சந்திப்பின் ஒவ்வொரு கையிலும், அதாவது அங்கே வந்து சேரும் ஒவ்வொரு சாலையிலும், நூறு மீட்டர் போல மட்டும் அகலப்படுத்தினால், நெரிசல் கட்டிக்கொள்ளும் அதே இடத்தின் கொள்ளளவு இரட்டிப்பாகிறது. இதற்குத் தேவைப்படும் நிலம் சில சென்ட்டுகள். பல சந்திப்புகளில் அந்த இடம் துறையின் பழைய வரைபடத்திலேயே இருக்கும். மேலே பெட்டிக்கடையும் விளம்பரப் பலகையும் கட்சிக் கொடிக்கம்பமும் நின்றுகொண்டிருக்கும்.

அடுத்து வலதுபுறம் திரும்பும் வண்டிகள். எதிரில் வருவது நிற்கட்டும் என்று ஒரு லாரி வலது இண்டிகேட்டரைப் போட்டுக் காத்திருந்தால், இருவழிச் சாலையில் பின்னால் உள்ள எல்லாமே காத்திருக்கும். வலது திருப்பத்துக்கென ஒரு தனித் தடம், இடது திருப்பத்துக்கு நிற்காமல் போகும் வழி, இரண்டையும் பிரிக்கும் சிறிய தீவுத் திட்டு. இவை போட்டாலே காத்திருப்பு வெகுவாகக் குறையும். ரவுண்டானா போடலாமா என்று கேட்பார்கள். எல்லாக் கைகளிலிருந்தும் சேர்த்து மணிக்குச் சுமார் 3,000 வண்டிகள் வரைதான் ரவுண்டானா நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் போனால் அது தனக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும். சிக்னலோ மேம்பாலமோ தேவைப்படும்.

அப்புறம் பேருந்து நிறுத்தம். நம் ஊர்களில் பஸ் ஸ்டாப் பெரும்பாலும் சந்திப்பை ஒட்டியே இருக்கும், அதுவும் இரு திசைக்கும் நேருக்கு நேர். இரண்டு பேருந்து ஒரே நேரத்தில் நின்றால் சாலை மூடிவிடும். நிறுத்தத்தைச் சந்திப்பைக் கடந்து தள்ளி வைக்க வேண்டும், இரு திசை நிறுத்தங்களையும் எதிரெதிரே இல்லாமல் மாற்றி வைக்க வேண்டும், பேருந்து சாலையை விட்டு ஒதுங்கி நிற்கத் தனிக் குடா அமைக்க வேண்டும். தள்ளி வைத்தால் மக்கள் நடக்க வேண்டியிருக்கிறதே என்பார்கள். அது நியாயமான கவலை. அதனால் நடைபாதையும் நிழற்குடையும் தெருவிளக்கும் அதே மதிப்பீட்டில் வர வேண்டும். நடைபாதை இல்லாத இடத்தில் மனிதர்கள் தார் மேல்தான் நடப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

தரைக்கடைகளை அகற்றுவது பற்றி ஒரு வார்த்தை. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கும் உரிமை உண்டு. காலி செய்யும் முன் முப்பது நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பூக்காரம்மாவை மட்டும் விரட்டிவிட்டு, கடைக்காரரின் நிரந்தர ஷெட்டையும் கார் நிறுத்தத்தையும் விட்டுவைக்கும் ஆக்கிரமிப்பு அகற்றம் நியாயமும் இல்லை, பயனும் இல்லை. பூக்காரம்மா அடைத்த இடம் நாலடி, காரின் இடம் பதினைந்தடி.

படி 5: ரயில்வே கேட்

ஊரின் நெரிசலுக்கு லெவல் கிராசிங்தான் காரணம் என்றால் சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் கேட்டுக்கு முன்னால் கூட்டம் அகலமாக நிற்கும், அவ்வளவுதான். கேட் மூடி இருக்கும்போது வலது பக்கமும் ஏறி நிற்கும் வண்டிகள், திறந்ததும் இரு பக்கமும் முட்டிக்கொண்டு இன்னொரு பத்து நிமிடத்தைத் தின்னும்.

இதற்கான அளவுகோல் எளிது. ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை, கடக்கும் சாலை வாகன அலகுகளால் பெருக்குவார்கள். விடை 1 லட்சத்தைத் தாண்டினால், ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பகிர்ந்து மேம்பாலம் கட்டத் தகுதி உண்டு. 40 ரயில்களும் 2,500 வாகனங்களும் என்றாலே 1 லட்சம் வந்துவிடும். மனுவில் இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டுங்கள். கட்டும்போது ரயில்வேக்கு மேலுள்ள பகுதியை ரயில்வேயும் அணுகுசாலைப் பகுதியை நெடுஞ்சாலைத் துறையும் கட்டுவது வழக்கம். நடுப்பகுதி முடிந்து, அணுகுசாலைக்கான நிலம் கிடைக்காமல் அந்தரத்தில் நிற்கும் பாலங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால் நிலம் கைக்கு வருவதற்கு முன் பாலத்துக்கு ஒப்பந்தம் விடாதீர்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

படி 6: ஊருக்குள் அகலமா, புறவழியா?

இந்த முடிவை உணர்ச்சியால் எடுக்கக் கூடாது. வண்டிகளை நிறுத்தி "எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள்?" என்று கேட்கும் ஆய்வு ஒன்று உண்டு. ஊருக்கு வெளியே இரு முனையிலும் இதை எடுத்தால், எத்தனை பங்கு வண்டிகள் ஊருக்குள் வேலை இல்லாமல் கடந்து மட்டும் போகின்றன என்று தெரிந்துவிடும். பெரும்பகுதி கடந்து போகும் லாரிகள் என்றால் புறவழிச்சாலை. பெரும்பகுதி ஊருக்கே வந்து போகும் பைக்கும் ஆட்டோவும் என்றால் புறவழிச்சாலை போட்டாலும் பஜார் அப்படியேதான் இருக்கும். படி 4இல் சொன்ன வேலைகளும் நல்ல நகரப் பேருந்துகளும்தான் வழி.

புறவழிச்சாலையில் ஒரு கண்டிப்பு வேண்டும். திறந்த அடுத்த ஆண்டே இரு பக்கமும் மனை போட்டு, ஹோட்டலும் பெட்ரோல் பங்கும் கல்யாண மண்டபமும் வந்து, பத்துப் பதினைந்து ஆண்டில் புறவழிச்சாலையே இன்னொரு பஜார் ஆகிவிடுவதைத் தமிழ்நாடு முழுவதும் பார்க்கிறோம். அப்புறம் அதற்கும் ஒரு புறவழி கேட்போம். 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டத்தில் சாலையோரத்தில் எதுவரை கட்டடம் கூடாது, எதுவரை கட்டுப்பாட்டோடு கட்டலாம் என்று குறிக்கும் கட்டட எல்லைக்கோடும் கட்டுப்பாட்டுக் கோடும் வரையறுக்க அதிகாரம் இருக்கிறது. அதைத் திறப்பு விழாவுக்கு முன்பே அறிவிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மனைப்பிரிவும் நேராகச் சாலையில் வந்து சேராமல், பக்கத்தில் ஓடும் இணைச்சாலை (சர்வீஸ் ரோடு) வழியாக ஒரே இடத்தில் சேர வேண்டும்.

படி 7: நிலம்

சாலை போடுவதில் தாமதம் பெரும்பாலும் தார் போடுவதில் வருவதில்லை, நிலத்தில் வருகிறது.

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பாருங்கள். மீனவக் குப்பங்களையும் சிற்றூர்களையும் இணைத்த சாலைகளை மேம்படுத்தி, 2002இல் சுங்கச்சாலையாக அது இயங்கத் தொடங்கியது. அக்கரையிலிருந்து மாமல்லபுரம் வரையிலான பகுதி பின்னாளில் நான்கு வழியானது. ஆனால் நகரத்தை ஒட்டிய திருவான்மியூர் முதல் அக்கரை வரையிலான பகுதியை ஆறு வழியாக்கும் வேலை கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று ஊர் ஊராக நிலம் எடுப்பதிலேயே ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அந்த இடைவெளியில் கடைகளும் குடியிருப்புகளும் நெருங்கி வளர்ந்தன, நிலத்தின் விலை எங்கோ போனது. இன்றைக்குத் திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை உயர்மட்டச் சாலை கட்டும் திட்டம் வந்திருக்கிறது. தரையில் இடம் மலிவாக இருந்தபோது ஒதுக்காவிட்டால் பின்னாளில் தூண் மேல் ஏற வேண்டியிருக்கிறது, அதற்கு ஆகும் செலவு மிகப் பெரிது.

ஆகவே, இன்றைக்கு இருவழியே போதும் என்றாலும், நாளைய நான்கு வழிக்கான நிலத்தை இன்றே ஒதுக்க வேண்டும். ஐ.ஆர்.சி. பரிந்துரைப்படி மாநில நெடுஞ்சாலைக்குத் திறந்தவெளியில் 45 மீட்டரும் ஊர்ப்பகுதியில் 30 மீட்டரும் வழக்கமான நில அகலம். உங்கள் சாலைக்கு எவ்வளவு இருக்கிறது என்று நில அளவைத் துறையின் புலப்படத்தில் பாருங்கள். எல்லைக்கல் நட்டிருக்கிறதா என்றும் நேரில் பாருங்கள்.

நிலம் கொடுப்பவர்களுக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். மாநிலச் சாலைகளுக்கு 2001 சட்டத்தின் கீழ் நிலம் எடுக்கிறார்கள். 2013ஆம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டம் வந்தபின் இந்த மாநிலச் சட்டம் செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அதே ஆண்டு மாநில அரசு புதிய சட்டம் இயற்றி அதை மீட்டது. 2021இல் உச்ச நீதிமன்றம் அந்தப் புதிய சட்டம் செல்லும் என்றது. நிலத்தை எடுக்கும் முன் உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். அந்த நோட்டீஸ் வந்ததும் பட்டா, வில்லங்கச் சான்று, மரங்கள், கிணறு, ஆழ்துளைக் கிணறு, கட்டடம் எல்லாவற்றையும் படம் எடுத்து எழுத்தில் கொடுங்கள். பட்டா இன்னும் தாத்தா பேரில் இருந்தால் இழப்பீடு கைக்கு வருவதற்குள் தலைமுறை மாறிவிடும். பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். வாடகைக்கு இருக்கும் டெய்லரும் சலூன்காரரும் வாழ்வாதாரத்தை இழப்பவர்கள்தான். உரிமையாளர் பட்டியலில் அவர்கள் பெயர் வராது. அதனால் அவர்களுக்காக ஊராட்சி பேச வேண்டும்.

படி 8: பணம் எந்தக் கதவு வழியாக வரும்?

சந்திப்பு மேம்பாடு, தோள்பட்டை, கரும்புள்ளி சரிசெய்தல் போன்றவை துறையின் ஒருங்கிணைந்த சாலை உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டத்தில் ஆண்டுதோறும் எடுக்கப்படும். மாவட்டத் தலைநகரையும் வட்டத் தலைநகரையும் இணைக்கும் மாநில நெடுஞ்சாலைகளை நான்கு வழியாக்க முதலமைச்சரின் சாலை மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. இன்னும் பெரிய அளவில், சென்னை–கன்னியாகுமரி தொழில் வழித்தடத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 48.4 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. சுமார் 590 கிலோமீட்டர் மாநில நெடுஞ்சாலைகள் அதில் மேம்படுத்தப்படுகின்றன. எந்தத் திட்டத்துக்கு உங்கள் சாலை பொருந்துகிறது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

படி 9: வடிவமைப்பில் கேட்க வேண்டியவை

விரிவான திட்ட அறிக்கை தயாராகும்போதே உள்ளே நுழைய வேண்டும். ஒப்பந்தம் போட்ட பிறகு சாலைக்கு அடியில் தண்ணீர் கடக்க ஒரு மடையைச் சேர்ப்பதும் பெரும்பாடு.

முதலில் தண்ணீர். சாலையை உயர்த்தி அகலப்படுத்தும்போது அது ஒரு கரையாக மாறிவிடுகிறது. ஏரி நிரம்பி வழியும் கலங்கல் எங்கே, மழைத் தண்ணீர் எந்த வயல் வழியாகச் சாலையைக் கடக்கிறது என்பது ஆலோசனை நிறுவனத்தின் கோடைக்கால அளவையில் தெரியாது. வடகிழக்குப் பருவமழையில் எடுத்த படங்களைக் கொடுங்கள். எந்த ஆண்டு வெள்ளம் எந்தச் சுவர் வரை வந்தது என்று காட்டுங்கள். சாலைக்கு அடியிலுள்ள மண் படுகையின் அடிமட்டம், அதிகபட்ச வெள்ள மட்டத்தைவிடக் குறைந்தது 0.6 மீட்டர் மேலே இருக்க வேண்டும் என்பது விதி. ஊருக்குள் பழைய சாலைமேல் மேலும் மேலும் போட்டு வீடுகளைப் பள்ளத்தில் தள்ளாமல், பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிதாகப் போட வேண்டும்.

அடுத்து பாரம். ஒரு அச்சின் எடை கூடும்போது சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய நான்காம் மடி விகிதத்தில் ஏறுகிறது. கால் பங்கு கூடுதலாக ஏற்றினால் சேதம் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. எடை இரட்டித்தால் சேதம் பதினாறு மடங்கு. சாலையோரம் கல்குவாரியோ எம்-சாண்ட் ஆலையோ இருந்தால், வெறும் வண்டி எண்ணிக்கையை வைத்துத் தடிமன் தீர்மானிக்க விடாதீர்கள். அச்சு எடை ஆய்வு எடுத்தார்களா என்று கேளுங்கள். ஆறு மாதத்தில் பள்ளம் விழுவதற்கு ஒப்பந்ததாரர் மட்டுமே காரணம் என்று நினைக்கிறோம். பல சமயம் கணக்கே தப்பாகத் தொடங்கியிருக்கும்.

மூன்றாவது, நடுத்தடுப்பு. நான்கு வழிச்சாலை ஊரை இரண்டாகப் பிளக்கும். இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் பள்ளியும் ரேஷன் கடையும் என்றால் குழந்தைகளும் முதியவர்களும் தினமும் அரளிச்செடிக்கு நடுவே நுழைந்துதான் கடப்பார்கள். திறப்பு வெகு தூரத்தில் இருந்தால் பைக்காரர்கள் எதிர்த்திசையில் வருவார்கள். விபத்து நடந்தபின் விதி மீறல் என்று எழுதிவிடலாம், போன உயிர் வராது. ஆகவே எங்கெங்கே கடக்க வேண்டும் என்பதைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாகக் கொடுங்கள். பள்ளி வாசலில் நடுத்தடுப்பை அகலமாக்கினால் பாதி சாலையைக் கடந்து நின்று, மீதியைப் பார்த்துக் கடக்கலாம். மாடுகளும் டிராக்டர்களும் கடக்கத் தேவைப்படும் இடத்தில் சுரங்கப் பாதை கேளுங்கள். கிராமம் முழுவதற்கும் இணைச்சாலை கேளுங்கள்.

மரங்களும் உண்டு. சாலையோரப் புளியமரங்களுக்கு வயது நம் எல்லோரையும்விட அதிகம். ஒரு பக்கம் மட்டும் அகலப்படுத்தி மறுபக்க வரிசையைக் காப்பாற்ற முடியுமா, மரங்களை நடுத்தடுப்புக்குள் வைத்துப் புதுத் தடத்தை அப்பால் போட முடியுமா என்று வரைபடத்திலேயே கேட்க வேண்டும். வெட்டிய மரத்துக்கு ஈடாகக் கன்று நடும் நிபந்தனையில், எத்தனை நட்டார்கள் என்பதோடு மூன்று ஆண்டு கழித்து எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

படி 10: வேலை நடக்கும்போது

மின்கம்பம், குடிநீர்க் குழாய், தொலைபேசிக் கேபிள் ஆகியவற்றை மாற்றும் வேலை தார் வேலைக்கு முன்னால் முடிய வேண்டும். இல்லையென்றால் புதுச்சாலையை மறுமாதமே வெட்டுவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெரும்பகுதித் தமிழ்நாட்டில் மழை. அது தொடங்குவதற்குள் பாலம், மடை, வடிகால் வேலைகள் முடியும்படி கால அட்டவணை இருக்கிறதா பாருங்கள்.

அகலப்படுத்தத் தோண்டிய ஓரப் பள்ளம்தான் இரவில் ஆளைக் கொல்லும். தோண்டிய அன்றே ஒளிரும் தடுப்பு, எச்சரிக்கைப் பலகை, விளக்கு வைக்க வேண்டும். இது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும் கடமை, யாரும் செய்யும் உதவி இல்லை. இல்லாவிட்டால் படம் எடுத்து உதவிப் பொறியாளருக்கு அன்றைக்கே அனுப்புங்கள். கிலோமீட்டர் நீளத்துக்குத் தோண்டிப் போட்டுவிட்டுப் போக விடாதீர்கள். சிறு சிறு பகுதியாகத் தோண்டி, முடித்து, அடுத்ததுக்குப் போகட்டும்.

தரத்தை நீங்களும் கொஞ்சம் கவனிக்கலாம். சாதாரண வி.ஜி. 30 வகைத் தார் கலந்த கலவையைப் பரப்பும்போது சூடு 140 டிகிரிக்குக் குறையக் கூடாது, ரோலர் ஓடி முடிக்கும்போது 90 டிகிரிக்குக் குறையக் கூடாது. தளத்தில் வெப்பமானி இருக்க வேண்டும். மேற்பார்வையாளரிடம் காட்டச் சொல்லலாம். மதியம் கலந்த லாரி நெரிசலில் மாட்டி மாலையில் வந்து சேர்ந்தால் கலவை ஆறியிருக்கும். ஆறிய கலவை சரியாக இறுகாது, அடுத்த மழையில் ஜல்லி பெயர்ந்து வரும்.

படி 11: திறந்த பிறகு

பாதுகாப்புத் தணிக்கை திறப்புக்கு முன் ஒரு முறை, திறந்த சில மாதத்தில் இரவிலும் ஒரு முறை நடக்க வேண்டும். வேகம் கூடியதும் புதிய கரும்புள்ளிகள் முளைக்கும். படி 3இல் எடுத்த விபத்துப் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள்.

பராமரிப்பில் தமிழ்நாட்டுக்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. பள்ளம் விழுந்தபின் மதிப்பீடு போட்டு, டெண்டர் விட்டு அடைப்பதற்குப் பதிலாக, சாலை எப்போதும் இன்ன தரத்தில் இருக்க வேண்டும் என்று ஐந்து ஆண்டுக்கு ஒரே ஒப்பந்தம் போடும் முறையைப் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் கொண்டுவந்தார்கள். பள்ளம் குறித்த நாளுக்குள் அடைபடாவிட்டால் ஒப்பந்ததாரரின் பணத்தில் பிடித்தம். உங்கள் சாலை அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறதா, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (பழுதை ஒப்பந்ததாரரே தன் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம்) எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டு, அந்தத் தேதியை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள். முடிவதற்கு ஆறு மாதம் முன்னால் சாலை முழுவதும் நடந்து, ஒவ்வொரு வெடிப்பையும் அடைத்துக்கொண்ட ஒவ்வொரு வடிகாலையும் கிலோமீட்டர் கல் எண்ணோடு பட்டியல் போட்டுக் கோட்டப் பொறியாளருக்குக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு ஒரு நாள் தாண்டிக் கேட்டாலும் செலவு மீண்டும் அரசின் தலையில்தான் விழும்.